ஊர்க் கூடத்தில் கற்கும் கட்டடத் தொழில்

தளம் ஒழுகும் சமுதாயக் கூடம் ஒரு தெருவில். பள்ளியைப் பாதியில் விட்டுவிட்டு, கைத்தொழில் எதுவும் படியாத இளைஞர்கள் அடுத்த தெருவில். இந்த இரண்டு குறைகளையும் சேர்த்துத் தீர்க்க முடியாதா என்ற யோசனை நூறு ஆண்டுகளாகப் பல நாடுகளில் எழுந்துகொண்டே இருக்கிறது. இளைஞர்கள் கூடத்தைப் பழுதுபார்க்கட்டும். பார்க்கும்போதே கொத்து வேலை, தச்சு வேலை, குழாய் வேலை, மின்வேலை என்று ஒன்றைக் கற்றுக்கொள்ளட்டும். ஊருக்குக் கூடம் கிடைக்கும், அவர்களுக்குத் தொழில் கிடைக்கும். கேட்டவுடன் மனம் ஒப்புக்கொள்ளும் யோசனை இது. அதனாலேயே யாரும் இதைத் துருவிப் பார்ப்பதில்லை. எங்கே தொழில் உண்மையாகவே கைக்கு வந்தது, எங்கே கூலியில்லா உழைப்போடு கதை முடிந்தது என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இளைஞர்களின் ஆர்வம் எங்கும் குறைவாக இருந்ததில்லை. அரசுப் பணமும் பல இடங்களில் வந்திருக்கிறது. ஆனால், பக்கத்தில் நின்ற கைதேர்ந்த தொழிலாளிக்குச் சொல்லிக்கொடுப்பதற்கென்றே நேரமும் கூலியும் ஒதுக்கிய இடங்களில்தான் தொழில் கைமாறியிருக்கிறது.

இந்த மரபின் ஒரு வேர் போர்க்களத்தில் இருக்கிறது. முதல் உலகப் போர் முடிந்தபின், 1920இல், பிரான்சில் வெர்டன் நகருக்கு அருகே தரைமட்டமாகிக் கிடந்த எஸ்ன் என்ற ஊரை எடுத்துக்கட்டச் சில தொண்டர்கள் போனார்கள். அழைத்துப் போனவர் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பியேர் செரிசோல். அந்தக் குழுவில் ஜெர்மானியரும் இருந்தார்கள். நேற்றுவரை எதிரியாக இருந்தவன் இன்று வந்து சுவர் எழுப்புவதை ஊராரால் ஏற்க முடியவில்லை. சில மாதங்களில் குழு வெளியேற வேண்டியதாயிற்று. ஆனாலும் அந்த முயற்சியிலிருந்து சர்வீஸ் சிவில் இன்டர்நேஷனல் என்ற இயக்கம் பிறந்தது. 1934 ஜனவரியில் பீகாரை நிலநடுக்கம் உலுக்கியபோது செரிசோல் இந்தியாவுக்கே வந்து, ராஜேந்திர பிரசாத் முன்னின்று நடத்திய நிவாரணப் பணியோடு சேர்ந்து கிராமங்களை மீண்டும் கட்டும் வேலையில் இறங்கினார்.

இலங்கையில் இதே எண்ணம் வேறொரு வடிவில் வந்தது. 1958 டிசம்பரில் கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியர் ஏ.டி. ஆரியரத்ன, தம் மாணவர்களைக் கனத்தொலுவ என்ற சிற்றூருக்கு அழைத்துச் சென்றார். சாதியால் ஒதுக்கிவைக்கப்பட்ட மக்கள் வாழ்ந்த ஊர் அது. நகரத்துப் பிள்ளைகள் அங்கே தங்கி, அந்த மக்களோடு சேர்ந்து மண் வெட்டினார்கள், சேர்ந்து சாப்பிட்டார்கள். சர்வோதய சிரமதான இயக்கம் அங்கிருந்துதான் வளர்ந்தது. இன்று வடக்கு, கிழக்கு இலங்கையில் சனசமூக நிலையத்தைத் துப்புரவாக்கவோ வெள்ளையடிக்கவோ இளைஞர்கள் கூடினால், ‘சிரமதானம்’ என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள்.

இந்தியாவில் நாட்டு நலப்பணித் திட்டம் காந்தி நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கியது. இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரத் தொண்டு, அதோடு ஏழு நாள் சிறப்பு முகாம் என்பது அதன் அமைப்பு. முகாம் நடக்கும் ஊரில் பள்ளிச் சுவருக்கு வர்ணம் பூசுவது, கோயில் குளத்தைத் தூர்வாருவது, சமுதாயக் கூடத்தைச் சுற்றிப் புதர் வெட்டுவது என வேலைகள் நடக்கும்.

இந்த முயற்சிகளை நான் குறைத்து மதிப்பிடவில்லை. கனத்தொலுவயில் நடந்தது சாதியின் முகத்துக்கு நேரே சொல்லப்பட்ட பதில். ஏழு நாள் ஒரு கிராமத்தில் தங்கிய கல்லூரி மாணவர் தண்ணீருக்காகப் பெண்கள் எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்பதைக் கண்ணால் பார்க்கிறார். அந்த அறிவுக்கு மதிப்பு உண்டு. ஆனால் அதைத் தொழிற்பயிற்சி என்று கணக்கெழுதக் கூடாது. ஏழு நாளில் எவருக்கும் பூச்சு வேலை வராது. கலவை கரண்டியிலிருந்து சுவரில் போய் ஒட்டுவதற்கே பல நாள் பழக வேண்டும். ஒட்டிய பிறகு மட்டப்பலகை பிடித்து ஒரே சமமாக இழுப்பதற்கு மாதங்கள் ஆகும். மூலை எடுப்பது அதற்கும் அப்பால். குறுகிய முகாம்களில் இளைஞர்களுக்குச் சுமப்பதும் சுரண்டுவதும் வர்ணம் பூசுவதுமே கிடைக்கின்றன. தொழில் தெரிய வேண்டிய இடம் வரும்போது ஊர்க் கொத்தனாரைக் கூப்பிட்டு, அவர் செய்வதைச் சுற்றி நின்று வேடிக்கை பார்க்கிறார்கள்.

தொண்டையும் தொழிலையும் வேண்டுமென்றே இணைத்துப் பெரிய அளவில் செய்து பார்த்த முதல் நாடுகளில் ஒன்று, 1930களின் அமெரிக்கா. பெரும் பொருளாதார வீழ்ச்சியில் இளைஞர்கள் வேலையின்றி ரயிலேறி அலைந்துகொண்டிருந்த காலம் அது. குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் 1933இல் தொடங்கிய சி.சி.சி. என்ற இளைஞர் படையில் 1942 வரை ஏறத்தாழ 30 லட்சம் பேர் சேர்ந்தார்கள். மாதம் 30 டாலர் கூலி. அதில் 25 டாலர் நேரே வீட்டுக்குப் போய்விடும். காடு வளர்ப்பதோடு, பூங்காக்களில் கல் மண்டபங்களையும் மரக் குடில்களையும் பாலங்களையும் அவர்கள் கட்டினார்கள். அவற்றில் பல இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன.

நகரத்திலிருந்து வந்த பதினெட்டு வயதுப் பையனுக்குக் கல் செதுக்க யார் சொல்லிக்கொடுத்தது? அந்தந்த வட்டாரத்தில் வேலையிழந்து நின்ற தச்சர்களையும் கல்தச்சர்களையும் மரவேலைக்காரர்களையும் ‘அனுபவமுள்ள உள்ளூர்க்காரர்கள்’ என்ற பெயரில் முகாம்களில் சம்பளத்துக்கு அமர்த்தினார்கள். வெளியூர்ப் பையன்கள் வந்து எங்கள் பிழைப்பைக் கெடுக்கிறார்கள் என்று உள்ளூரார் முறையிட்டதும் இந்த ஏற்பாட்டுக்கு ஒரு காரணம். தொழிற்சங்கங்களும் முதலில் எதிர்த்தன. அவற்றின் அச்சத்தைத் தணிக்கவே, இயந்திரத் தொழிலாளர் சங்கத்தில் பொறுப்பு வகித்த ராபர்ட் ஃபெக்னர் படையின் தலைவராக்கப்பட்டார். அப்படி அரசியல் நெருக்கடியால் உள்ளூர்க்காரர்களை அமர்த்திய ஏற்பாடு திட்டத்தின் மிகச் சிறந்த கூறாக அமைந்துவிட்டது. உள்ளூர்த் தொழிலாளிக்கு வேலை கிடைத்தது. அவர் கையிலிருந்த வித்தை அடுத்த தலைமுறைக்குப் போனது.

அந்தப் படையின் கறைகளையும் மறைக்கக் கூடாது. பெண்களை அது சேர்க்கவில்லை. கறுப்பின இளைஞர்களைத் தனி முகாம்களில் வைத்தது.

1935இல் தொடங்கிய தேசிய இளைஞர் நிர்வாகம் இந்த இரண்டு விஷயங்களிலும் ஒரு படி முன்னே போனது. பெண்களுக்கும் இடம் கொடுத்தது; அதன் கறுப்பினத்தவர் பிரிவுக்கு மேரி மெக்லியோட் பெத்யூன் என்ற கல்வியாளர் தலைமை வகித்தார். பின்னாளில் குடியரசுத் தலைவரான லிண்டன் ஜான்சன் தம் 26ஆம் வயதில் டெக்சாஸ் மாநிலத்தில் இதன் இயக்குநராக இருந்தார். அந்த மாநிலத்தின் சான் அந்தோனியோ நகரில் நடந்த லா வில்லிட்டா புதுப்பிப்பை இந்த வரலாற்றின் நல்ல எடுத்துக்காட்டாகச் சொல்வேன். நகரின் மிகப் பழைய குடியிருப்புகளில் ஒன்றான அது சிதைந்து, இடிக்கப்படும் நிலையில் இருந்தது. 1939இல் மேயர் மாரி மேவரிக், கட்டடக் கலைஞர் ஓ’நீல் ஃபோர்டின் துணையோடு அதை மீட்டெடுக்கத் தீர்மானித்தார். வேலை செய்தவர்கள் தேசிய இளைஞர் நிர்வாகத்தின் பையன்களும் பெண்களும். சுவர்களைச் சீர்செய்ததோடு அவர்கள் நிற்கவில்லை. கட்டடத்துக்குத் தேவைப்பட்ட ஓடு, இரும்பு வேலை, மரச் சாமான் முதலியவற்றைப் பட்டறைகளில் தாங்களே செய்யக் கற்றார்கள். அந்த இடம் இன்றும் கைவினைக் கலைகளின் கூடமாகவே இருக்கிறது. இரண்டாம் உலகப் போர் வந்ததும் எல்லாக் கைகளும் ஆயுதத் தொழிற்சாலைகளுக்குத் திரும்பின. 1943இல் நிர்வாகம் மூடப்பட்டது.

இதே யோசனை 1978இல் நியூயார்க்கின் கிழக்கு ஹார்லத்தில் மீண்டும் தலையெடுத்தது, இம்முறை அடித்தட்டிலிருந்து. அந்தப் பகுதியில் வீட்டுச் சொந்தக்காரர்கள் கைவிட்டுப் போன கட்டடங்கள் தெருத்தெருவாகப் பாழடைந்து நின்றன. அங்கே ஆசிரியையாக இருந்த டோரதி ஸ்டோன்மன், பதின்வயதுப் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்டார்: பெரியவர்கள் துணை நின்றால் உங்கள் பகுதியை மேம்படுத்த என்ன செய்வீர்கள்? பாழ்பட்ட கட்டடங்களைச் சீராக்கி, வீடில்லாதவர்களுக்குக் கொடுப்போம் என்று அவர்கள் சொன்னார்கள். அந்தப் பதிலை வைத்தே வேலை தொடங்கியது. பின்னாளில் அதுவே யூத்பில்ட் என்ற நாடு தழுவிய அமைப்பாக வளர்ந்தது. 1992இல் அமெரிக்க நாடாளுமன்றம் இதற்கென நிதி வழிசெய்து சட்டமியற்றியது. முதலில் வீட்டுவசதித் துறையின் கீழ் இருந்த திட்டம் 2006இல் தொழிலாளர் துறைக்கு மாறியது.

யூத்பில்டில் சேர்பவர்கள் 16 முதல் 24 வயதுக்குட்பட்டவர்கள், பெரும்பாலும் பள்ளியை முடிக்காதவர்கள். அவர்களுடைய நேரத்தில் குறைந்தது பாதி வகுப்பறைக்குப் போகிறது. பள்ளி இறுதிக்கு இணையான சான்றிதழுக்குப் படிக்கிறார்கள். சுமார் நாற்பது விழுக்காடு கட்டுமானத்திலும் தொழிற்பயிற்சியிலும் கழிகிறது. செய்யும் வேலைக்கு உதவித்தொகை உண்டு. ஏழைகளுக்கான வீடுகளே முதன்மை வேலை. சமூகக் கூடங்களுக்கும் பொதுக் கட்டடங்களுக்கும் சட்டம் ஒரு சிறு பங்கை ஒதுக்கியிருக்கிறது.

இந்தத் துறையில் மிகுந்த அக்கறையோடு அளந்து பார்க்கப்பட்ட திட்டம் இதுதான். எம்.டி.ஆர்.சி. என்ற ஆய்வு நிறுவனம் 75 யூத்பில்ட் மையங்களில் விண்ணப்பித்த ஏறத்தாழ 3,900 இளைஞர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தது. ஒரு பகுதியினருக்குத் திட்டத்தில் இடம் கிடைத்தது. மற்றவர்கள் தங்கள் வழியைத் தாங்களே பார்த்துக்கொண்டார்கள். நான்கு ஆண்டு கழித்து இரு தரப்பையும் ஒப்பிட்ட அறிக்கை 2018இல் வெளிவந்தது. திட்டத்தில் சேர்ந்தவர்கள் பள்ளி இறுதிச் சான்றிதழ் பெறுவதும் கல்லூரிக்குப் போவதும் தெளிவாகக் கூடியிருந்தது. பொதுத்தொண்டில் ஈடுபாடும் மிகுந்திருந்தது. கூலி, வருமானத்தில் உயர்வு இருந்தது, ஆனால் சிறியது. காவல்துறை வழக்குகளில் சிக்குவதில் பெரிய மாற்றம் தெரியவில்லை. ஒருவருக்கான செலவு சுமார் 24,500 டாலர். நான்கு ஆண்டுகளுக்குள் கிடைத்த பலன் அந்தச் செலவை ஈடுகட்டவில்லை.

இந்த முடிவைக் கண்டு சிலர் சோர்ந்தார்கள். எனக்கு இது நேர்மையான, பயனுள்ள செய்தியாகப் படுகிறது. பள்ளி தோற்றுப்போன இடத்தில் ஒரு கட்டடத்தைச் செப்பனிடும் வேலை பிள்ளைகளை மீண்டும் படிப்பின் பக்கம் இழுத்து வந்திருக்கிறது. ஓடு வேய அளவெடுப்பவருக்குப் பின்னக் கணக்கு எதற்கு என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. அதே சமயம், கட்டுமானத் தொழிலில் நிலைபெற்ற வருமானத்துக்குச் சில மாதப் பயிற்சி போதாது என்பதையும் அந்த எண்கள் சொல்கின்றன. முதலாளியோ தொழிற்சங்கமோ மறுபக்கத்தில் கதவைத் திறந்து வைத்திருக்க வேண்டும். பயிற்சி முடிந்த அன்று அந்த இளைஞர் எங்கே போவார் என்ற கேள்விக்கு, பயிற்சி தொடங்கும் அன்றே பதில் வேண்டும்.

ஜெர்மனி இதற்கு வேறு விடை கண்டிருக்கிறது. அங்கே நினைவுச் சின்னப் பாதுகாப்பு அறக்கட்டளை ஒன்று 1999இல் குவெட்லின்பூர்க் நகரில் முதல் இளைஞர் கட்டடப் பட்டறையைத் தொடங்கியது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மரச்சட்ட வீடுகள் கொண்ட, 1994இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த ஊர் அது. 16 முதல் 26 வயதுக்குட்பட்டவர்கள் ஓர் ஆண்டு முழுவதும் தொண்டாற்ற வருகிறார்கள். அவர்களைக் கூட்டமாக ஒரே இடத்தில் போடுவதில்லை. ஆளுக்கொரு தச்சுப் பட்டறையிலோ கல் வேலைக்காரரிடமோ கட்டடக் கலைஞர் அலுவலகத்திலோ சேர்த்துவிடுகிறார்கள். ஆண்டில் ஆறு வாரம் எல்லாரும் கூடிப் பாடம் கற்கிறார்கள். கைச்செலவுக்குப் பணமும் காப்பீடும் உண்டு. ஆண்டு முடிந்ததும் பிடித்திருந்தால் முறையான தொழிற்பழகுநராகச் சேரலாம். தொழிற்பழகுநர் முறை நூற்றாண்டுகளாக வேரூன்றிய நாடு என்பதால், இந்தத் தொண்டு ஆண்டு அதற்குள் நுழையும் வாசலாக எளிதில் பொருந்திவிட்டது.

இந்தியாவிலும் இந்தப் பாடம் படிக்கப்பட்டிருக்கிறது. 2001 ஜனவரி 26 குஜராத் நிலநடுக்கத்துக்குப் பிறகு, புஜ் நகரில் உருவான ஹுன்னர்ஷாலா அமைப்பு, காரிகர்ஷாலா என்ற பெயரில் ஒரு பயிலகத்தை நடத்துகிறது. பள்ளியை விட்ட இளைஞர்களுக்குச் சுவர் எழுப்பும் தொழிலும் தச்சுத் தொழிலும் கற்பிக்கிறார்கள். அங்கே ஆசிரியர்கள், அந்தத் தொழில்களைச் செய்தே வாழ்ந்த கைவினைஞர்கள். கேரளத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் வேலைத்தளத்திலேயே கொத்தனார்களோடு நின்று, அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தும் அவர்களிடம் கற்றும் கட்டினார். அப்படிப் பழகியவர்கள் அவர் பாணியைக் கேரளம் முழுவதும் எடுத்துச் சென்றார்கள்.

புதிதாகக் கட்டுவதைவிடப் பழுதுபார்ப்பது நல்ல பள்ளி என்பது என் உறுதியான எண்ணம். புதுக் கட்டடத்தில் கற்பவருக்கு ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் வாய்ப்பு வரும்; கல் அடுக்கினால் கல் அடுக்குவதே. பழைய கட்டடம் ஒவ்வொரு அடியிலும் கேள்வி கேட்கும். நம் ஊர்ச் சமுதாயக் கூடம் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். உள்ளே நுழைந்ததும் தளத்தின் அடியில் கான்கிரீட் பெயர்ந்து, கம்பி துருப்பிடித்துத் தெரிகிறது. அது ஏன் பெயர்ந்தது? கட்டும்போது கம்பிக்கும் பலகைக்கும் இடையில் கல் வைக்காமல் கான்கிரீட் போட்டதால், கம்பிக்கு அடியில் கவசம் மெல்லியதாகப் போயிற்று. ஈரம் கம்பியைத் தொட்டது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடித்து, கம்பியை மூடியிருந்த கான்கிரீட்டையே பிளந்து தள்ளியது. இதை அறிந்தவர் வெறும் சிமெண்ட் பாலைப் பூசி மறைக்கமாட்டார். உளுத்த பகுதியைக் கொத்தி எடுத்து, கம்பியைத் துரு போகத் தேய்த்து, அது மெலிந்திருந்தால் புதுக் கம்பி சேர்த்து, துருத்தடுப்பு பூசிய பிறகே அடைப்பார். அதற்கும் முன்னால் மேலே ஏறி ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பார். தண்ணீர் ஓடுவதற்குச் சரிவு இருக்கிறதா, வடிகுழாய் வாயில் ஆலஞ்செடி முளைத்திருக்கிறதா, தட்டோட்டின் இணைப்பு விட்டிருக்கிறதா?

சுவருக்கு வந்தால் இன்னொரு பாடம். கூடம் ஐம்பது அறுபது ஆண்டுக்கு முந்தியது என்றால் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியிருக்கக்கூடும். அதன்மேல் சிமெண்ட் பூச்சு பூசினால் ஓதம் வெளியேற வழியின்றி உள்ளே தங்கும். சில மழைக்காலங்களில் பூச்சு பாளம் பாளமாகக் கழன்று விழும். சுண்ணாம்பைத் தாளித்து ஊறவைத்து அரைக்கவும், கடுக்காய், பனைவெல்லத் தண்ணீர் சேர்க்கவும் தெரிந்த கொத்தனார்கள் தமிழ்நாட்டில் அருகிவருகிறார்கள். பழைய கோயில்களையும் செட்டிநாட்டு வீடுகளையும் செப்பனிட அவர்களைத் தேடி அலைகிறார்கள். மரச்சட்டத்தின் மேல் சிறு செங்கல்லை நெட்டுக்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பில் போட்ட மெட்ராஸ் டெரஸ் தளத்தைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர்கள் அதைவிடவும் குறைவு. இந்த வித்தை மேஸ்திரி ஒருவரின் கையில் மட்டும் இருந்தால் அவரோடு போய்விடும். ஊர்க் கூடம் ஒன்றைச் செப்பனிடும்போது நான்கு இளைஞர்கள் அவர் பக்கத்தில் நின்றால், அந்த நால்வருக்கும் அது பிழைப்பாகும். இந்தத் தொழிலுக்குச் சந்தையில் ஆள் பற்றாக்குறை இருக்கிறது, கூலியும் நன்றாக இருக்கிறது.

ஆனால் அந்த மேஸ்திரி கற்பிப்பதற்கு வசதி வேண்டும். ஒப்பந்தத்தில் வேலை எடுத்தவர் கற்பிக்க முடியாது. ஒவ்வொரு நாள் தாமதமும் அவர் கைக்காசு. புதியவர் பூசிய சுவரைச் சுரண்டி மறுபடி பூச வைத்தால்தான் கை பழகும். சுரண்டிய கலவைக்கும் வீணான மணி நேரத்துக்கும் யார் பணம் கொடுப்பது? பழுதுபார்க்கும் செலவு என்று ஒரு தொகையும், கற்பிக்கும் செலவு என்று இன்னொரு தொகையும் தனித்தனியாக ஒதுக்காத திட்டங்களில், முதல் மாதத்திலேயே இளைஞர்கள் கல் சுமக்கும் ஆட்களாகிவிடுகிறார்கள். திறப்பு விழாவுக்கு மந்திரி வரும் நாள் குறித்துவிட்டால் இது இன்னும் விரைவாக நடக்கும். ஒரு மேஸ்திரியிடம் ஐந்தாறு பேருக்கு மேல் ஒப்படைத்தாலும் இதே கதிதான்.

அடுத்து, கூலி. தொண்டு என்றால் கூலி கேட்கக் கூடாது என்று நினைப்பவர்கள் உண்டு. யார் கூலியில்லாமல் ஆறு மாதம் வர முடியும் என்று அவர்கள் யோசிக்க வேண்டும். வீட்டில் சோற்றுக்குக் கவலையில்லாத பிள்ளையால் முடியும். அவருக்கு இந்தத் தொழில் அநேகமாகத் தேவைப்படாது. தொழில் யாருக்கு உண்மையில் தேவையோ, அவர் ஒரு நாள் கூலியை இழந்தால் வீட்டில் அடுப்பு எரியாது. சி.சி.சி. 25 டாலரை வீட்டுக்கு அனுப்பியதும், யூத்பில்ட் உதவித்தொகை கொடுப்பதும், ஜெர்மனி கைச்செலவுக்குப் பணம் தருவதும் தாராள மனத்தால் அல்ல. அது இல்லாவிட்டால் சேர வேண்டியவர்கள் சேரமாட்டார்கள். சித்தாள் கூலிக்குச் சற்றுக் குறைவாகவாவது உதவித்தொகை கொடுக்காத எந்தத் திட்டமும் ஏழை இளைஞர்களை எட்டாது.

தொழில் யாருக்குப் போய்ச் சேர்கிறது என்ற கேள்வியின் மிக முக்கியமான முனை நம் தமிழ்நாட்டில் பெண்களைப் பற்றியது. கட்டட வேலைக்குப் பெண்கள் புதியவர்கள் அல்லர். எந்த வேலைத்தளத்திலும் கல்லும் மணலும் கலவையும் அவர்கள் தலையில்தான் மேலே ஏறுகின்றன. பதினெட்டு வயதில் சித்தாளாக வந்தவர் ஐம்பது வயதிலும் சித்தாளாகவே இருக்கிறார். அவரோடு அதே நாளில் வேலைக்கு வந்த ஆண் சில ஆண்டுகளில் கரண்டி பிடித்துக் கொத்தனாராகி, கூடுதல் கூலி வாங்குகிறார். முப்பது ஆண்டு கலவையின் பதத்தைக் கையால் அறிந்த பெண்ணுக்குப் பூசத் தெரியாது என்று சொல்வதில் நியாயம் எதுவும் இல்லை. கரண்டியை யாரும் கொடுக்கவில்லை, அவ்வளவே. கேரளத்தில் பெண்களுக்குக் கொத்து வேலையும் தச்சும் கற்பித்த முயற்சிகள் வெற்றி பெற்றிருக்கின்றன. ஜார்க்கண்டில் கிராமக் கழிப்பறைகள் கட்டும் இயக்கத்தில் பெண்கள் ‘ராணி மிஸ்திரி’களாகக் கட்டடம் எழுப்பினார்கள். தனியார் வேலைத்தளத்தில் மேஸ்திரி மனம் வைத்தால்தான் பெண்ணின் கைக்குக் கரண்டி வரும். ஊராட்சியின் பணத்தில் ஊர்க் கூடத்தைச் செப்பனிடும்போது அந்த விதியை ஊரே எழுதலாம்: கற்பவர்களில் பாதிப் பேர் பெண்கள்.

எந்தத் தெருவின் கூடம் என்பதும் கேட்டுக்கொள்ள வேண்டியது. பல ஊர்களில் ஊர்த் தெருவுக்கு ஒரு கூடம், தலித் மக்கள் வாழும் காலனிக்கு ஒரு கூடம். செப்பனிடும் பணம் எதற்குப் போகிறது, எந்தத் தெருப் பிள்ளை எந்தக் கூடத்தில் ஏறி நின்று வேலை கற்கிறான் என்பதில் ஒரு திட்டத்தின் நேர்மை வெளிப்பட்டுவிடும். இரு தெருப் பிள்ளைகளும் இரு கூடங்களிலும் வேலை செய்வது என்ற ஏற்பாடு தொழிலோடு இன்னொன்றையும் கற்பிக்கும்.

பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் விவாதத்துக்கு இடமில்லை. அமெரிக்கச் சட்டம் 18 வயது நிறையாதவரை இடிப்பு வேலையில் விடாது. நாமும் சாரம் ஏறும் வேலைக்கு 18 வயதை எல்லையாக வைக்க வேண்டும். நம் கூடங்கள் பலவற்றின் மேல் ஆஸ்பெஸ்டாஸ் தகடு கிடக்கிறது. அதை அறுப்பதும் உடைப்பதும் நுரையீரலுக்குக் கேடு விளைவிக்கும் தூசியைக் கிளப்பும். அந்த வேலை பயிற்சியாளர்களுக்கு உரியதே அல்ல. தலைக்கவசமும் சாரத்துக்குக் கைப்பிடிக் கம்பும் மின்வேலை நடக்கும்போது மெயின் சுவிட்சை நிறுத்திப் பூட்டும் பழக்கமும் முதல் நாள் பாடமாக வேண்டும்.

தமிழ்நாட்டில் இதற்கான உறுப்புகள் எல்லாம் தனித்தனியாக இருக்கின்றன. 2006இல் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் 12,600க்கும் மேற்பட்ட ஊராட்சிகளில் நூலகக் கட்டடங்கள் எழும்பின. பிற்காலத்தில் பல பூட்டிக்கிடந்து பாழாயின; பின்னர் அவற்றைச் செப்பனிடும் வேலைகளும் நடந்திருக்கின்றன. தொழிற்பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. அங்கே மாணவர் கட்டிய சுவரை அன்று மாலையே பிரித்துவிட்டு மறுநாள் அதே கல்லில் மீண்டும் கட்டுகிறார். நாட்டு நலப்பணித் திட்டத்தின் முகாம்கள் ஆண்டுதோறும் நடக்கின்றன. 1994இல் அமைந்த கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் இருக்கிறது. கட்டுமானச் செலவில் குறைந்தது ஒரு விழுக்காடு மேல்வரியாக அதற்கு வருகிறது. வாரியத்தில் பதிய ஓராண்டில் 90 நாள் கட்டட வேலை செய்திருக்க வேண்டும் என்பது விதி. ஊர்க் கூடத்தில் ஆறு மாதம் வேலை கற்ற இளைஞருக்கு அந்த நாட்களைக் கணக்கில் எடுத்தால் பயிற்சி முடியும்போதே அவர் கையில் பதிவு அட்டை இருக்கும்.

செய்ய வேண்டியது இதுதான். ஊராட்சித் தலைவர்களே, உங்கள் கூடத்தைச் செப்பனிட அடுத்த மதிப்பீடு தயாரிக்கும்போது, உங்கள் வட்டாரத்திலேயே மூத்த கொத்தனார் ஒருவருக்கும் தச்சர் ஒருவருக்கும் ஆறு மாதச் சம்பளத்தைக் கற்பிக்கும் செலவாகத் தனி வரியில் எழுதுங்கள். பத்து இளைஞர்களுக்கு, அதில் ஐந்து பெண்களுக்கு, உதவித்தொகை எழுதுங்கள். நல வாரியம் பயிற்சிப் பணத்திலிருந்து அதில் ஒரு பங்கைக் கொடுக்கட்டும். கல்லூரி முகாம் வந்தால், மாணவர்கள் மேலே ஏறி வர்ணம் பூசுவதற்கு முன் அந்தக் கொத்தனாரிடம் ஒரு மணி நேரம் கேட்டுக்கொள்ளட்டும். திறப்பு விழாக் கல்வெட்டில் மந்திரியின் பெயருக்குக் கீழே, வேலை கற்ற பத்துப் பேரின் பெயரையும் கற்பித்தவரின் பெயரையும் வெட்டுங்கள்.